கூட்டத்தில் வாசிக்கப்பட்ட நோய்

சங்க அறையின் சாவியை உங்களிடம் கொடுத்த அன்று, மழை பெய்தால் கதவு இறுகிக்கொள்ளும், கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நீங்களும் அவசரத்தில் இருந்தீர்கள். புதிய நிர்வாகிகள், புதிய கோரிக்கைகள், மை காயாத சுவரொட்டி. செயலாளர் வேலையை விட்டு இறங்கிய ஆள் அந்த அறையில் அதிக நேரம் நிற்கக்கூடாது. வந்துவிட்டேன். வந்த பிறகு மனம் சும்மா இருக்கவில்லை. கல்லூரிக்கும் வீட்டுக்கும் நடுவே, வெயிலில் சிவந்து கிடக்கும் அந்தச் சாலையில் நடந்துகொண்டே உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பேசியதில் ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன்.

மருத்துவச் செலவுக்காக நிர்வாகத்தோடு நாம் பேசிய கதையை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். எப்படிக் கேட்டிருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஓய்வறையில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் உள்ளே நுழைந்ததும் தேநீரைக் கலக்க ஆரம்பித்துவிடுவார்கள். சிரிக்கலாம், தப்பில்லை. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பாதியை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது. அவர் இப்போது வேறு ஊரில், வேறு கல்லூரியில் இருக்கிறார். இந்தப் பக்கங்களை அவருக்கு அனுப்பி, "போடுங்கள், அத்தை இப்போது இல்லை" என்று பதில் வந்த பிறகே உங்கள் கைக்குத் தருகிறேன். அருள்மேரி என்பது நான் அவருக்கு வைத்த பெயர்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நம் கல்லூரியில் ஆசிரியர் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் ஒரே வழிதான் இருந்தது. கல்லூரிக் குழுவின் தலைவர் வீட்டுக்குப் போக வேண்டும். எல்லோரும் பெரியவர் என்று சொல்லும் செட்டியார். இளமையில் ரங்கூனில் வட்டிக்கடை பார்த்தவர், திரும்பி வந்து இந்தப் பொட்டலில் கல்லூரி கட்டியவர். அவர் முன்னால் போய் நின்று, வீட்டில் இன்னாருக்கு இன்ன சீக்கு என்று சொன்னால், கொடுப்பார். இல்லை என்று சொன்னதே கிடையாது. அதுதான் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. கொடுக்காதவனை எதிர்த்துக் கோஷம் போடலாம். கொடுக்கிறவரிடம், "ஐயா, நீங்கள் கொடுப்பது வேண்டாம், எங்களுக்கு உரிமையாக வேண்டும்" என்று எப்படிச் சொல்வது? நாக்கு கூசும்.

எப்படியோ சொன்னோம். அவரும் ஒரு வரைவு தயாரிக்கச் சொன்னார். ஆசிரியர் குடும்பத்தின் மருத்துவச் செலவில் பெரும் பங்கை நிர்வாகம் ஏற்கும் என்று அதில் இருந்தது. இனிப்பு வாங்கலாமா என்று பொருளாளர் முத்தழகு கேட்டார். அவர் இயற்பியல், எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் அவருக்கு. எனக்கு இரண்டு வரிகள் உறுத்தின. குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும் என்று ஒரு வரி. ஒவ்வொரு விண்ணப்பமும் மாதக் கூட்டத்தில் கல்லூரி மேனேஜரால் முழுமையாக வாசிக்கப்படும் என்று இன்னொரு வரி.

இரண்டாவது வரி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவர் குடும்பத்தில் கோவில் கணக்கானாலும் கூட்டு வியாபாரக் கணக்கானாலும், பங்காளிகள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒருவர் எழுந்து நின்று உரக்க வாசிப்பார். எண்ணெய் வாங்கியதிலிருந்து தேர்வடம் வாங்கியது வரைக்கும். வாசிக்காத செலவை அவர்கள் திருட்டு என்றே நினைப்பார்கள். பெரியவர் தன் சொந்தப் பணத்தில் செய்யும் தர்மத்தையும் அப்படித்தான் வாசிக்கவைப்பார். அது அவர்களுடைய நாணயம். எங்களை அவமானப்படுத்த எழுதிய வரி இல்லை. அவர் வீட்டில் இருந்த மிக நல்ல பொருள் ஒன்றை எடுத்து எங்கள் ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்.

அந்த நல்ல பொருள்தான் அருள்மேரியின் கழுத்தை இறுக்கியது.

அவர் வேதியியல் விரிவுரையாளர், நம் சங்கத்தின் துணைச் செயலாளர். காளையார்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் இளம் வயதிலேயே போய்விட, அவருடைய தாயார் சவரியம்மாவும் இவருமாக ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு முந்தின வாரம், ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் என்னிடம் சொன்னார். சவரியம்மாவுக்குப் பெண்களுக்கு மட்டும் இருக்கிற இடத்தில் ஒரு கட்டி. மதுரையில் பார்த்தாகிவிட்டது, அறுக்க வேண்டும், தள்ளிப்போடக்கூடாது. அதற்கு மேல் நான் இங்கேயும் எழுதப்போவதில்லை.

"அத்தை எங்கிட்டச் சொல்லவே ரொம்ப நாளாச்சு. இருட்டுல, சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டுச் சொன்னாக. அதை மேனேஜர் எந்திரிச்சு நின்னு வாசிச்சா..." என்று நிறுத்தினார். "எனக்காகத்தான் நீங்க பேசணும். ஆனா என் பேரு வந்துறக் கூடாது. முடியுமா சார்?"

முடியும் என்றேன். எப்படி என்று தெரியாமலே சொன்னேன். சங்க வேலையில் இப்படிப்பட்ட 'முடியும்' நிறைய வரும். பயப்படாமல் சொல்லுங்கள். பிறகு தூங்காதீர்கள்.

முதல் பேச்சு பெரியவர் வீட்டு முகப்புக் கூடத்தில் நடந்தது. பூப்போட்ட தரைக்கல், பாதத்துக்கு மட்டும் தெரிகிற குளிர்ச்சி. ஒரு பக்கம் பெரியவர், குழுவினர், நம் முதல்வர், வெண்கல மணிக்குரல் மேனேஜர். எதிரே நாங்கள் மூன்று பேர். அரைக்கதவுக்கு அப்பால் வீட்டுப் பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கீரையைவிடப் பேச்சில்தான் அவர்களுக்குக் கவனம்.

"உக்காருங்க, கவிராயரே" என்றார் பெரியவர். நான் அவ்வப்போது பத்திரிகைகளுக்கு எழுதுவதை வைத்து அப்படிக் கூப்பிடுவார்.

"நிக்கிறேங்கய்யா."

"நின்னுக்கிட்டுக் கேட்டாக் கூடக் கொடுப்பேன்னு யாரு சொன்னாக?"

நான் எந்தக் கூட்டத்திலும் உட்காரமாட்டேன். வகுப்பிலும் அப்படித்தான். உணர்ச்சிவசப்பட்ட செயலாளர் என்று சங்கத்தில் பெயர். திமிர் பிடித்தவன் என்று நிர்வாகத்தில் பெயர். காரணம் வேறு. அதற்கு வருகிறேன்.

குடும்பம் யார் என்பதில் பேச்சு தொடங்கியது. பெரியவர் வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்:

"ஆத்தா அப்பனெல்லாம் எப்படிக் குடும்பத்துல வருவாக? எங்க வீட்டுல மகனுக்குக் கல்யாணம் முடிஞ்சதும் தனி அடுப்பு வச்சுக் கொடுத்துருவோம். ஒரே வீடுதான், ஒரே வாசல்தான், உலை வேற. இன்னைக்கு என் மகன் வீட்டுல என்ன குழம்புன்னு கேளுங்க, எனக்குத் தெரியாது."

"எங்க வீட்டுல ஒரே உலைதாங்கய்யா" என்றார் முத்தழகு. "எங்க ஆத்தாளும் அதுலதான் சாப்பிடுது."

"சரி. ஆத்தா வரட்டும். அப்புறம் அத்தை மகன், சித்தப்பன் மச்சினன் எல்லாரும் வரிசையா வருவாக. காலேஜை வித்துத்தான்ய்யா மாத்திரை வாங்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மாமனார் மாமியாரை வைத்துக் காப்பாற்றுகிறவர்களும் ஆசிரியர்களில் உண்டு என்றேன்.

"மாமியாளுக்கு மருந்து கேட்டு மருமக வந்து நிக்கிறாளா? அப்படி ஒருத்திய நான் கண்ணால பாக்கணுமே!"

இந்தத் தடவை அரைக்கதவுக்குப் பின்னாலிருந்தும் சிரிப்பு வந்தது. அருள்மேரி தரையில் இருந்த பூவின் இதழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் சிரிப்பதை நிறுத்தி முன்னால் குனிந்தார். குரல் மாறிவிட்டது.

"கவிராயரே, நீங்க சும்மா பேசல. யாரோ ஒரு ஆளு இருக்கு. யாரு? பேரைச் சொல்லுங்க. இப்பவே காரை அனுப்புறேன். மதுரைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டட்டும், முழுச் செலவும் என்னது. இதுக்கு எதுக்கு விதி, ஒப்பந்தம் எல்லாம்? பேரைச் சொல்லுங்க."

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். அவர் ஏமாற்றவில்லை. கார் வாசலில்தான் நின்றது, ஓட்டுநர் நிழலில் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பெயர். சொன்னால் அன்று மாலையே சவரியம்மா மதுரையில். சொல்லாவிட்டால் எத்தனை நாளோ. ஆனால் சொன்ன கணமே, அந்த அம்மாளின் நோய் இந்தக் கூடத்துக்குச் சொந்தமாகிவிடும். அரைக்கதவு தாண்டி, கிணற்றடி தாண்டி, சந்தை வரைக்கும் போகும். அடுத்த ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்தால் அவரும் இந்தத் தரைக்கல்லில் வந்து நிற்க வேண்டும். நல்லவர் ஒருவர் கருணையோடு கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பதைப் போலக் கடினமானது வேறொன்றும் எனக்கு வாய்த்ததில்லை. கோபக்காரர்களிடம் பேசுவது இதற்கு முன்னால் விளையாட்டு.

"பேர் சொல்ல எனக்கு உத்தரவு இல்லைங்கய்யா."

"உத்தரவா? சீக்குக்கு என்னய்யா உத்தரவு?" எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். "இளையாத்தங்குடிக்குக் கோவில் வேலையாப் போறேன். வந்து பேசுவோம். அதுக்குள்ள உங்க உத்தரவு வருதான்னு பாருங்க."

வாசலைத் தாண்டியதும் முத்தழகு என்னைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு விஷயம் தெரியாது. "யாரோ ஒரு நோயாளிக்குக் காரு வாசல்ல நிக்குது. நீ கொள்கை பேசிக் கதவைச் சாத்திட்டு வர்றே. அந்த ஆளு செத்துப்போனா உன் கொள்கையை வச்சு மாலை கட்டுவியா?" என்றார். அருள்மேரி பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தார். குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அன்று வெயிலும் இருந்தது என்பது ஒரு சௌகரியம்.

பெரியவர் திரும்பி வருவதற்கு முந்தின நாள் என் மனைவியோடு அருள்மேரியின் வீட்டுக்குப் போனேன். சவரியம்மா சுவரில் சாய்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல சிவப்பு, பெரிய உருவம், சின்னக் குரல்.

"தம்பி ஏன் நிக்கிறீக? இங்குட்டு வந்து உக்காருங்க. எங்க வீட்டு நாற்காலி கடிக்காது."

"நின்னு பழக்கமாயிருச்சும்மா."

"வாத்தியாரு உத்தியோகம் அப்படி. எங்க மேரியும் வந்ததும் காலை நீட்டிக்கிட்டுத்தான் உக்காரும். அது சரி, செட்டியார் வீட்டுக்குச் சண்டைக்குப் போறீகளாமே? எதுக்குத் தம்பி சண்டை? எல்லாரும் நல்லாத்தானே இருக்கீக."

கேட்டுக்கொண்டே இருந்தவரின் கை புளிக்குள் நின்றுவிட்டது. கண்ணை மூடி, உதட்டை உள்ளே இழுத்து, எங்கோ தொலைவில் போகும் வண்டியைக் கேட்பவர்போல இருந்தார். வண்டி போய்விட்டது. மறுபடி கொட்டை எடுக்க ஆரம்பித்தார். "இந்த வருசம் புளி நார் ஜாஸ்தி" என்றார் என் மனைவியிடம்.

வழியனுப்ப வந்த அருள்மேரி தெருமுனையில் அத்தையின் டாக்டர் சீட்டை என் கையில் வைத்தார்.

"சொல்லிருங்க சார். பேரையே சொல்லிருங்க. இனிமே அத்தை தாங்கமாட்டாக. மேனேஜர் வாசிக்கையில நானும் அங்க உக்காந்திருப்பேன். அத்தைக்காக ஒரு ஆளாவது அங்க இருக்கணும்ல."

மறுநாள் காலை அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அதற்குப் பின்னால் இன்னொரு சீட்டும் இருந்தது. என்னுடையது. எனக்கு மூலம். வருஷக்கணக்காக. உட்கார்ந்தால் உயிர் போகும், அதனால்தான் நின்றேன். புரட்சிக்காரன் என்று நீங்கள் கேட்ட கதைகளில் பாதி அந்த உபத்திரவத்தால் வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை யாரிடமும் காட்டும் எண்ணமே எனக்கு இருந்ததில்லை. அன்று காலை எதற்கு அதையும் எடுத்து வைத்தேன்? உண்மையாகச் சொன்னால் தெரியவில்லை. கை எடுத்துவைத்தது. மனம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

பெரியவர் கோவிலிலிருந்து வந்த திருநீறும் கற்கண்டும் எல்லோருக்கும் கொடுத்தார். அருள்மேரியின் கையில் கற்கண்டை மட்டும் வைத்தார்.

"என்ன கவிராயரே, உத்தரவு வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கய்யா."

அருள்மேரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். நான் பைக்குள் கை விட்டேன். அப்போது மேனேஜர், தனக்கு வேலை வந்துவிட்டது என்று புரிந்து, எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். நல்ல மனிதர், பாவம். தன் கடமைக்குத் தயாரானார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கனைப்பு கூடத்தின் உத்தரத்தில் போய் முட்டித் திரும்பி வந்தது. அரைக்கதவுக்குப் பின்னால் கீரை ஆய்வது நின்றது. என் விரல்கள் முன்னால் இருந்த சீட்டை விட்டுவிட்டுப் பின்னால் இருந்ததை எடுத்தன.

"ஐயா, கையெழுத்துக்கு முன்னால உங்க வரைவு எப்படி ஓடுதுன்னு ஒரு தடவை ஓட்டிப் பாத்துருவோம். இது என்னோட விண்ணப்பம். வாசிக்கச் சொல்லுங்க."

அருள்மேரி திரும்பி என்னைப் பார்த்தார். மேனேஜர் வாசிக்க ஆரம்பித்தார்.

"தமிழ்த்துறை விரிவுரையாளர். மேற்படி நபர் நீண்ட காலமாக..." அவர் கண் ஒரு வரி முன்னால் போய்விட்டது. குரல் தடுமாறியது. என்னைப் பார்த்தார்.

"வாசிங்க. வாசிக்காத செலவு செலவில்லையே" என்றேன்.

"...மலம் கழிக்கும்பொழுது கடுமையான வலியும், உதிரப்போக்கும்... ஆசனவாயின் வெளிப்புறத்தில்..."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. யாரோ ஒரு பெண் வாயைப் பொத்தினாலும் அடங்காமல் சிரித்துவிட்டாள். முதல்வர் உத்தரத்தின் மரவேலைப்பாட்டை ஆராய்ந்தார். முத்தழகு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கடமை தவறாத மேனேஜர் மறுபடி கனைத்து, "...திராட்சைக் குலை போன்று..." என்று தொடர்ந்தார்.

"நிறுத்துய்யா!" என்றார் பெரியவர்.

பிறகு என்னை உச்சி முதல் கால்வரை பார்த்தார்.

"அதனாலதான் நின்னுக்கிட்டே இருந்தீகளா?"

"ஆமாங்கய்யா."

"நான் திமிருன்னுல்ல நெனச்சேன்!"

அந்தப் பெரிய உடம்பு குலுங்கத் தொடங்கியது. சிரித்தார், இருமினார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், காது மட்டும் தீயாக எரிந்தது. அருள்மேரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கன்னத்தில் வழிந்ததைச் சிரிப்பால் வந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம்.

சிரிப்பு வடிந்ததும் பெரியவர் கையில் இருந்த வெற்றிலையை மடிக்காமல் வைத்திருந்தார். எதிரே இருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பார்வை அருள்மேரியிடம் வந்தது. ஈரக் கன்னத்தையும், சுருட்டிய கைக்குட்டையையும் பார்த்திருக்க வேண்டும். நிற்கவில்லை. நகர்ந்து, சுவரில் இருந்த கண்ணாடிக்குப் போய், அங்கேயே இருந்துவிட்டது. நான் எத்தனையோ பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்து, இல்லை, நின்று பார்த்திருக்கிறேன். எதிர்த் தரப்பு எங்களுக்குக் கொடுத்ததில் மிகப் பெரியது அந்தப் பார்வை நிற்காமல் நகர்ந்ததுதான்.

"ரங்கூன்ல இருக்கையில எனக்கும் வந்துச்சு" என்றார், மெதுவாக, கண்ணாடியைப் பார்த்தே. "ஒரே கடையில எல்லாரும் சொந்தக்காரக. யாருட்டச் சொல்றது? கணக்குப் பெட்டியடியில உக்கார முடியாம, கடன்காரன் வர்றானான்னு பாக்குற மாதிரி, வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டே ஒரு மழைக்காலத்தைக் கழிச்சேன். எங்க வீட்டு ஆச்சிக்குக்கூட இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றது அரைக்கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல்.

அதன் பிறகு அந்தக் கூடத்தில் இரண்டு தரப்பு என்று எதுவும் இருக்கவில்லை. தொகையை உரக்க வாசிக்கலாம், நோயை வாசிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர்கள் நாணயமும் நிற்கும், எங்கள் மானமும் நிற்கும். நோயின் பெயர் முதல்வருக்கு மட்டும் தெரியட்டுமா என்று ஒருவர் கேட்டார். அருள்மேரி முதல் முறையாக வாய் திறந்தார். "முதல்வருக்கு எதுக்கு சார்? டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தொகை எழுதினாப் போதும்னு வைங்க." முதல்வர் அவ்வளவு வேகமாகத் தலையாட்டி நான் பார்த்ததில்லை. இனி யார் ஆசனவாயும் தன் மேசைக்கு வராது என்ற நிம்மதி அது.

குடும்பம் யார் என்ற வரி பாக்கி இருந்தது. பெரியவரே முடித்தார்.

"அடுப்பை வச்சுப் பாருங்க. அந்த வாத்தியார் அடுப்புல பொங்குற சோத்தை யாரு சாப்பிடுறாகளோ, அவுக அந்தக் குடும்பம். ஆத்தாளா இருந்தா என்ன, மாமியாளா இருந்தா என்ன. வேற அடுப்புல சாப்பிடுறவுக வரமாட்டாக. இதுக்கு மேல கேக்காதீக."

முத்தழகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், என் அப்பா வலையபட்டிப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணனுக்கு நாலு மரக்கால் விதைப்பாடுதான் நிலம்; அப்பாவுக்கு மூச்சிழுப்பு. மாத்திரை வாங்குவது நான்தான், ஆனால் அவர் சாப்பிடுவது அண்ணன் அடுப்பில். வாதாடியிருக்கலாம். பெற்றோர் எங்கிருந்தாலும் என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் தன் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு அளவுகோலை எடுத்து எங்களிடம் நீட்டியிருந்தார். அதை அன்று வாங்கிக்கொள்வதே சரி என்று பட்டது. இன்றும் அப்படியே படுகிறது. அப்பாவிடம் சொன்னபோது, "எனக்கு எதுக்குடா செட்டியார் மாத்திரை" என்று கேட்டுவிட்டு, இழுத்து இழுத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் சத்தம் என்னோடு இருக்கிறது. வேறு அடுப்பில் சாப்பிடும் அப்பாக்களும் அம்மாக்களும் இன்னும் அந்த வரிக்கு வெளியேதான் நிற்கிறார்கள். சாவி உங்கள் கையில்.

சவரியம்மாவுக்கு மதுரையில் அறுவை முடிந்தது. பிழைத்தார், நன்றாகவே பிழைத்தார். அடுத்த கூட்டத்தில் மேனேஜர் எழுந்து, கனைத்து, "வேதியியல் துறை, அருள்மேரி, மருத்துவச் செலவு" என்று சொல்லித் தொகையை வாசித்தார். உடனே அடுத்து ஆய்வுக்கூடக் குழாய் ரிப்பேருக்குப் போனார். அவ்வளவுதான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

என் நோய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அது அரைக்கதவைத் தாண்டி, நான் நினைத்த பாதையிலேயே ஊருக்குள் போனது. முடிவெட்டுகிறவர் நாற்காலியில் துணியை மடித்துப் போட்டார். டவுன் பஸ் கண்டக்டர், "சார் உக்காரமாட்டாக, வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கினார். பின்வரிசை மாணவர்கள் கரும்பலகையில் ஒரு திராட்சைக் குலை வரைந்து வைத்தார்கள். நன்றாகவே வரைந்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலில் பூசை முடிந்து, சவரியம்மா மருமகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சேலை, கையில் தூக்குச்சட்டி. இளைத்திருந்தார், ஆனால் நடை நேராக இருந்தது. மருமகள் என்னிடம் சொன்னதோ கேட்டதோ எதுவும் அவருக்குத் தெரியாது. அருள்மேரி வாசற்படியிலேயே நின்று செருப்பின் வாரை வெகுநேரம் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கருணைக்கெழங்கு மசியல் தம்பி. உங்க சீக்குக்கு இதைவிட மருந்து கெடையாது. புளி நல்லா விட்டுக் கடைஞ்சிருக்கேன், அரிக்காது." தூக்கை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தார். சின்னக் குரல் இன்னும் சின்னதாயிற்று. "கேள்விப்பட்டேன். அம்புட்டுப் பேருக்கு முன்னால வாசிச்சுப்புட்டாகளாமே. மனுசங்களா அவுக? ஒரு ஆம்பளைக்கே இப்படின்னா... எனக்கு மட்டும் அப்படி நடந்திருந்தா நான் உசிரோட இருந்திருக்க மாட்டேன் தம்பி."

அருள்மேரி தலையைத் தூக்கவில்லை.

சவரியம்மா சுற்றிலும் பார்த்தார். மூலையில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து, இன்னொரு மடிப்பும் மடித்து, நாற்காலியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்தார்.

"நின்னது போதும். உக்காந்து சாப்பிடுங்க" என்றார்.

உட்கார்ந்தேன்.